சாரல் காற்றில் சம்பாதித்தவர் யார்?

ஜூன், ஜூலை மாதங்களில் குற்றாலம் பேரருவியில் கூட்டம் நெரியும்போது, கிழக்கே சுரண்டை, ஆலங்குளம், சங்கரன்கோவில் பக்கம் காற்றாலைக் காத்தாடிகளும் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். இரண்டுக்கும் காரணம் ஒரே காற்று. ஆரியங்காவு கணவாய் வழியாகச் செங்கோட்டைப் பக்கம் பாயும் தென்மேற்குப் பருவக்காற்று, மலையடியில் சாரலை உதிர்த்துவிட்டுச் சமவெளியில் வேகமாக ஓடுகிறது. குற்றாலத்தின் சீசன் வருமானம் டீக்கடை, விடுதி, ஆட்டோ என்று ஊருக்குள்ளேயே பிரிந்துவிடும். காத்தாடியின் வருமானம் அப்படிப் பிரிவதில்லை. இந்த வேறுபாட்டுக்கு இயற்கை காரணமல்ல. டெல்லியிலும் சென்னையிலும் எடுக்கப்பட்ட சில முடிவுகளே காரணம்.

அவற்றில் முதன்மையானது துரிதத் தேய்மானச் சலுகை. லாபம் ஈட்டும் ஒரு நூற்பாலை 5 கோடி ரூபாய்க்குக் காற்றாலை வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சாதாரண இயந்திரமென்றால் அதன் தேய்மானத்தை ஆண்டுக்குக் கொஞ்சமாகத்தான் வருமானத்தில் கழிக்கலாம். காற்றாலைக்கோ 1990களில் முதலாண்டிலேயே 100 விழுக்காட்டையும் கழிக்க முடிந்தது. 2002 வாக்கில் இது 80 விழுக்காடாகக் குறைந்தது. 80 விழுக்காடு என்றால் 4 கோடி. வரி மூன்றில் ஒரு பங்கு என்று கொண்டால், ஏறத்தாழ 1.33 கோடி ரூபாய் வரி அந்த ஆண்டில் கட்ட வேண்டியதில்லை. பின்னாளில் கழிக்கத் தேய்மானம் மிச்சமிருக்காது என்பதால், இது வரித் தள்ளுபடி அல்ல, வரி ஒத்திவைப்புத்தான். ஆனால் இன்று கையிலிருக்கும் ஒரு கோடிக்கும் பத்தாண்டு கழித்துக் கட்டும் ஒரு கோடிக்கும் உள்ள தூரம் தொழில் நடத்துகிற எவருக்கும் தெரியும்.

இந்தச் சலுகை செய்த நல்லதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். காற்றாலை என்பது வங்கிகளுக்குப் புதிராகவும் அரசுக்குச் சோதனை முயற்சியாகவும் இருந்த காலம் அது. 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் நிறுவப்பட்டதும் ஒரு முன்னோட்டப் பண்ணைதான். நட்டத்துக்குத் துணிந்த தனியார் பணம் இல்லாமல் அந்தத் தொழில் தவழ்ந்துகூட இருக்காது. கோவை, திருப்பூர் ஆலைக்காரர்கள் அந்தப் பணத்தைப் போட்டார்கள். கயத்தாற்றில் காற்றாலைச் சோதனை நிலையம் வந்தது. பழுது பார்க்கவும் பராமரிக்கவும் தெரிந்த ஒரு தலைமுறை உருவானது. தமிழகக் காற்றாலைத் திறன் இன்று பத்தாயிரம் மெகாவாட்டைத் தாண்டி நிற்பதன் அடித்தளம் இதுவே.

சலுகை எதற்குப் பரிசு கொடுத்தது என்று கேட்கும்போதுதான் குறை தெரிகிறது. இயந்திரத்தை நட்டதற்குக் கொடுத்தது, மின்சாரம் எடுத்ததற்குக் கொடுக்கவில்லை. வாங்கிய ஆண்டில் 180 நாளுக்குக் குறைவாக ஓடிய இயந்திரத்துக்குப் பாதித் தேய்மானமே கிடைக்கும் என்பது வருமானவரி விதி. ஆகவே செப்டம்பர் முடிவதற்குள்ளோ, தவறினால் மார்ச் 31க்குள்ளோ இயந்திரத்தை நிறுவிவிட வேண்டும் என்ற அவசரம் தொழிலின் பஞ்சாங்கமாகவே ஆனது. சாரல் காற்று மே மாதம் கிளம்பி செப்டம்பரோடு ஓய்ந்துவிடும். செப்டம்பர் கடைசியில் எழும் காத்தாடி அடுத்த மே வரை பெரிதாக எதையும் உற்பத்தி செய்யப்போவதில்லை. வரிக் கணக்கு மட்டும் சரியாக முடிந்துவிடும்.

பணம் எதைப் பார்த்து வந்தது என்பதைச் சலுகை மங்கிய ஆண்டுகளும் நின்ற ஆண்டுகளும் காட்டிக்கொடுத்தன. எவ்வளவு கழித்தாலும் ஓரளவு வரி கட்டியே ஆக வேண்டும் என்ற குறைந்தபட்ச மாற்று வரி 1996-97இல் வந்ததும் 90களின் நடுவில் பொங்கிய காற்றாலை அலை சரிந்தது. 2012 ஏப்ரலில் துரிதத் தேய்மானம் விலக்கப்பட்டபோது, முந்தைய ஆண்டில் 3,000 மெகாவாட்டுக்கு மேல் கூடியிருந்த நாட்டின் காற்றாலைத் திறன் அந்த ஆண்டு 1,700 மெகாவாட் அளவே கூடியது. 2014இல் சலுகை திரும்பியது. 2017 ஏப்ரலில் 40 விழுக்காடாகக் குறைந்தது. காற்று இத்தனை ஆண்டும் அதே கணவாய் வழியாகத்தான் வந்தது.

மாற்று இல்லாமல் இல்லை. 2009இல் மத்திய அரசு ஒரு யூனிட்டுக்கு 50 பைசா ஊக்கத்தொகை அறிவித்தது. துரிதத் தேய்மானத்தை எடுப்பவருக்கு இது கிடையாது, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இயந்திரம் ஓடினால்தான் காசு. நல்ல இடம், நல்ல இயந்திரம், ஒழுங்கான பராமரிப்பு மூன்றையும் இது ஒருசேரத் தூண்டியது. என் பார்வையில் இருபது ஆண்டுக் காற்றாலைக் கொள்கையில் மிகச் சரியான அடி இதுதான். அது தாமதமாக வந்தது, நடுவில் ஒருமுறை நின்றது, 2017 மார்ச்சோடு முடிந்தும் போனது. பிறகு ஏல முறை வந்தது. 2017 பிப்ரவரியில் நடந்த முதல் தேசிய ஏலத்தில் யூனிட் விலை 3.46 ரூபாய்க்கு இறங்கியது, அதே ஆண்டு அக்டோபரில் 2.64. விலையைக் குறைத்த வகையில் ஏலம் வென்றது. ஆனால் சிறிய முதலீட்டாளர் களத்தை விட்டே வெளியேறினார்.

மாநில அளவில் நடந்ததையும் பார்க்க வேண்டும். காற்றுக் காலத்தில் எடுத்த மின்சாரத்தை மின்வாரியத்தின் கணக்கில் சேர்த்துவைத்து, காற்றில்லாத மாதங்களில் தன் ஆலைக்கு எடுத்துக்கொள்ளும் வசதியை ஆலைகள் பெற்றன. முதலீட்டாளரின் லாபத்துக்கு இது முதுகெலும்பு. வாரியமோ மலிவான நேரத்தில் வாங்கி, தட்டுப்பாட்டு நேரத்தில் திருப்பிக் கொடுத்தது. அந்த வித்தியாசம் கடைசியில் மற்ற நுகர்வோர் தலையில்தான் விழும். இன்னொரு பக்கம், இயந்திரங்கள் முளைத்த வேகத்தில் கம்பிப் பாதைகள் முளைக்கவில்லை. 2012இல் தமிழகம் மணிக்கணக்கில் இருண்டு கிடந்தது. அந்தக் காலத்திலேயே, வலுவான காற்றடித்த நாள்களில் மின்சாரத்தைக் கொண்டுபோக வழியின்றிக் காத்தாடிகள் நிறுத்தப்பட்டன. கயத்தாறு, கானார்பட்டி போன்ற 400 கிலோவோல்ட் துணைமின் நிலையங்கள் முதலிலேயே வந்திருக்க வேண்டியவை. தனியார் முதலீட்டுக்கு வரியை விட்டுக்கொடுத்த அரசு, பொது முதலீட்டில் பின்தங்கியது. ஒன்றில்லாமல் மற்றது பலன் தராது.

ஊருக்கு என்ன கிடைத்தது? மானாவாரி நிலத்தை ஒருமுறை விலைக்கு விற்ற விவசாயிக்கு அந்தப் பணம், சிலருக்குக் காவல் வேலை, சிலருக்குப் பராமரிப்பு வேலை, இயந்திரம் கொண்டுவரப் போட்ட பாதைகள். இருபத்தைந்து ஆண்டு ஓடும் இயந்திரத்தின் வருமானத்தில் நிலத்தை விட்டவருக்கோ ஊராட்சிக்கோ யூனிட் அடிப்படையில் பங்கு எதுவும் வைக்கப்படவில்லை. இதே வட்டாரத்தில் மத்தளம்பாறையைப் பாருங்கள். 2011இல் தென்காசிக்கு வந்த சோஹோ நிறுவனத்தின் முதலீடு மாதச் சம்பளமாக இறங்குகிறது. அந்தச் சம்பளம் வாடகையாக, மளிகைக் கணக்காக, பள்ளிக் கட்டணமாக இங்கேயே சுழல்கிறது. ஒரு நிறுவனத்தின் விருப்பத்தை நம்பி ஒரு மாவட்டம் வாழ முடியாது என்பது உண்மை. ஆனாலும் முதலீட்டின் அளவைவிட அதன் பலன் எங்கே தங்குகிறது என்பதே ஊரின் கதியைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இதைவிடப் பக்கத்தில் சான்று இல்லை.

இப்போது அடுத்த முடிவுக்கு நேரம் வந்திருக்கிறது. காற்றின் வேகம் இரட்டித்தால் அதிலிருக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். வேகமோ உயரத்தோடு கூடும். கணவாய்க்கு நேரே அமைந்த அருமையான இடங்களில் இன்னும் 225, 250 கிலோவாட் திறனுள்ள பழைய, குட்டையான இயந்திரங்கள் நிற்கின்றன. அந்த இடங்களில் 100 மீட்டருக்கு மேல் உயர்ந்த 2, 3 மெகாவாட் இயந்திரங்கள் நின்றால், குறைந்த எண்ணிக்கையில் பல மடங்கு மின்சாரம் கிடைக்கும். உரிமையாளர்கள் தயங்குவதற்கும் நியாயம் உண்டு. முதல் எப்போதோ திரும்பிவிட்ட இயந்திரம் சுற்றுவதெல்லாம் லாபம். மாற்றினால் பழைய சேமிப்பு வசதி போய்விடுமோ என்ற அச்சம் வேறு. பக்கத்துக் காத்தாடி இன்னொருவருடையது என்பதால் தனியாகப் பெரிதை நடவும் முடியாது. 2024இல் தமிழக அரசு பழைய காற்றாலைகளைப் புதுப்பிப்பதற்கென்றே ஒரு கொள்கையை வெளியிட்டது. அதற்குள் நிறுவுதிறனில் குஜராத் நம்மை முந்திவிட்டது.

புதுப்பிக்கும் இந்த வேளையிலாவது பழைய பிழை திரும்பக் கூடாது. சலுகை எதுவானாலும் எடுத்த யூனிட்டுக்கே தரப்பட வேண்டும், நட்ட இயந்திரத்துக்கு அல்ல. சிறு உரிமையாளர்கள் பங்குதாரர்களாகச் சேர்ந்து ஒரே பெரிய இயந்திரம் நிறுவ சட்டம் வழிவிட வேண்டும். ஒவ்வொரு யூனிட்டிலிருந்தும் சில பைசா, காத்தாடி நிற்கும் ஊராட்சியின் கணக்குக்கு நேரே போக வேண்டும். சுரண்டை, ஆலங்குளம் வட்டாரத்து ஊராட்சிகள் கிராமசபைத் தீர்மானமாகவே இதைக் கேட்கலாம். அனுமதி வழங்கி முடிந்தபின் கேட்டுப் பயனில்லை, இப்போதே கேட்க வேண்டும்.