மீள்குடியமர்வும் உரிமையும்: கேமரன் மலைப் புனைவொன்றை முன்வைத்து

முன்னுரை

புலம்பெயர் இலக்கியம் பற்றிய நம் ஆய்வுகள் பெரும்பாலும் இரு நிகழ்வுகளைச் சுற்றியே அமைகின்றன. ஒன்று, முதன்முறை கடல் கடந்து வருதல். மற்றொன்று, பிறந்த ஊரை எண்ணி ஏங்குதல். மூன்றாவதாக ஒரு நிகழ்வும் உண்டு. முன்பு வாழ்ந்து பழகிய அயல்மண்ணை விட்டுச் சென்ற ஒருவர், மீண்டும் அங்கேயே வந்து வாழத் தொடங்குவது அது. அதனை ஈண்டு 'மீள்குடியமர்வு' எனச் சுட்டுவோம். இந்நிகழ்வு புனைவுகளில் இடம்பெற்றிருந்தும் திறனாய்வில் உரிய கவனம் பெறவில்லை. கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்ட ஓர் ஆங்கில நாவலை, தமிழ்ப் புனைவுகள் இரண்டனோடு ஒப்பவைத்து இதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மரபின் பார்வை

அகப்பாடல்களில் பொருள்வயிற் பிரிந்த தலைவன் திரும்புவது இல்லத்துக்கே. பாலையில் பிரிவும் முல்லையில் காத்திருத்தலும் உரிப்பொருளாயின. அயல்நிலம் கடந்து செல்வதற்குரிய வழியாகவே அங்கு அமைகிறது. கடல்வழிப் பயணத்தில் பெண்டிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை என்று தொல்காப்பிய அகத்திணையியலும் வரையறுக்கிறது. குடும்பமாகச் சென்று அயல்மண்ணில் வேரூன்றுவதற்கு இம்மரபில் திணை இல்லை. இதன் தாக்கத்தாலோ என்னவோ, நாமும் 'திரும்புதல்' என்ற சொல்லைக் கண்டவுடன் ஏக்கம், நினைவு, அந்நியமாதல் என்று மனநிலைகளையே தேடப் புகுகிறோம். திரும்பி வருபவர் எந்த உரிமையில் வருகிறார், எவருடைய கூரையின்கீழ் தங்குகிறார் என்ற வினாக்கள் எழுவதில்லை.

மருதியும் செல்லையாவும்

புதுமைப்பித்தனின் 'துன்பக்கேணி' 1935இல் மணிக்கொடியில் வெளிவந்தது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தின் கொடுமையைக் காட்டும் கதையாகவே அது பயிற்றுவிக்கப்படுகிறது. அவ்வாசிப்பு தவறன்று, எனினும் முழுமையானதன்று. தோட்டத்தில் சீரழிந்து ஊர் திரும்பும் மருதிக்கு ஊரில் முன்பிருந்த இடம் இல்லை. கணவனுக்கு வேறு குடும்பம் அமைந்துவிடுகிறது. ஆகவே, தன்னைச் சிதைத்த அதே தோட்டத்துக்கு அவள் மீண்டும் செல்கிறாள். முதற்பயணத்தில் தோட்டம் எத்தகையது என்பதை அவள் அறியாள். இரண்டாம் பயணத்தில் நன்கு அறிவாள். அறிந்தே செல்வதால் இரண்டாம் பயணமே கதையின் கடுமையான பகுதி என்பது எம் கருத்து. அங்கு அவள் நுழைவதற்கு இருந்த தகுதி ஒன்றே: உழைக்கும் உடல்.

ப. சிங்காரத்தின் 'கடலுக்கு அப்பால்' (1959) காட்டும் மீள்குடியமர்வு நகரம் சார்ந்தது. வட்டிக்கடையில் பணிபுரிந்த செல்லையா, நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்தில் சேர்ந்து அதிகாரியாகிறான். போர் முடிந்தபின் பினாங்கிற்கும் பழைய முதலாளியிடமும் திரும்புகிறான். தெருக்களும் கடைகளும் அவன் அறிந்தவையே, அவன்தான் மாறிவிட்டான். பெட்டியடிப் பையன், அடுத்தாள், மேலாள் எனப் படிப்படியாக அமைந்த வட்டிக்கடை உலகில், துப்பாக்கி ஏந்திப் பழகிய ஒருவனுக்குப் படி எதுவும் இல்லை. முதலாளி தம் மகள் மரகதத்தை அவனுக்குத் தர மறுப்பதும் இக்கணக்கின்படியே. செல்லையாவின் துயரைக் காதல் தோல்வியாக மட்டும் கொள்வது போதாது. பழகிய நகரில் அவன் நிற்பதற்குரிய இடம் பிறருடைய கடையாக இருப்பதே அத்துயரின் வேர். மேடானில் வட்டிக்கடைப் பணியாளராக இருந்து, 1946இல் தமிழகம் வந்து, பின்னர் அங்கேயே தங்கிவிட்ட சிங்காரத்துக்கு இவ்வுலகின் கணக்கு நன்கு தெரிந்திருந்தது.

யுன் லிங்கின் திரும்புதல்

மலேசிய எழுத்தாளர் தான் துவான் எங்கின் 'தி கார்டன் ஆஃப் ஈவ்னிங் மிஸ்ட்ஸ்' 2012இல் வெளிவந்து, அவ்வாண்டுப் புக்கர் பரிசின் இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. சப்பானியர் முகாமில் தமக்கையை இழந்து தான் மட்டும் உயிர்தப்பிய யுன் லிங், நீதிபதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றபின் கேமரன் மலைக்குத் திரும்புகிறார். இளமையில், அவசரகாலத்தின்போது, சப்பானியத் தோட்டக் கலைஞர் அரிட்டோமோவிடம் பயிற்சி பெற்ற இடம் அது. மொழியையும் நினைவையும் அழிக்கும் நோய் அவரைப் பற்றியுள்ளது. மறந்துபோகுமுன் எழுதிவிட முனைகிறார். நினைவு அழியும் தறுவாயில் நினைவின் இடத்துக்கு வருதல் என்னும் இவ்வமைப்பு நாவலின் வலிமை. இதனை மறுப்பதற்கில்லை.

ஆயினும், அவர் திரும்பிவர முடிந்தது எதனால்? அரிட்டோமோ தம் யுகிரித் தோட்டத்தை அவருக்கே விட்டுச் சென்றதனால். அண்டையிலுள்ள மஜுபா தேயிலைத் தோட்டமும் தென்னாப்பிரிக்கரான மேக்னஸ் பிரிட்டோரியசிடமிருந்து அவர் குடும்பத்தாரிடமே தொடர்கிறது. வேற்று நாட்டிலிருந்து வந்தவர்களுக்கும் இம்மலை சொந்தமானது நிலவுடைமையால்தான். அதே மஜுபாவில் தேயிலை பறிக்கும் தமிழர், நிலக்காட்சியின் பகுதியாகவே நாவலில் நின்றுவிடுகின்றனர். அவர்களுக்கு உழைப்பு உண்டு, நினைவு தரப்படவில்லை. இதனை ஆசிரியரின் குறையாக மட்டும் கருதுதல் நேர்மையாகாது. அவ்வினையை முதலில் ஏற்க வேண்டியது தமிழ்ப் புனைவே.

மலையில் எஞ்சியது

ஜே.ஏ. ரசல் 1929இல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கிய காலந்தொட்டு, தமிழர் உழைப்பு இம்மலைச் சரிவுகளில் பதிந்துள்ளது. அக்காலத்தில் ஊருக்குச் சென்று மீண்டும் தோட்டத்துக்கு வருவது தொழிலாளர் வாழ்வின் இயல்பான பகுதியாக இருந்தது. உதவிபெற்று மலாயாவுக்கு வரும் தொழிலாளர் குடியேற்றத்தை 1938இல் இந்திய அரசு தடைசெய்தது. 1969க்குப் பின் குடியுரிமை அற்றோருக்கு வேலை அனுமதி கட்டாயமாக்கப்பட்டபோது, பல்லாயிரவர் நாடு நீங்கினர். திரும்பிவரும் வழி சட்டத்தால் ஒடுங்கியது.

மலைநாட்டின் இரப்பர்த் தோட்டங்கள் பல துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் அழிந்தன. அவற்றின் மக்கள் திரும்பிச் செல்லத் தோட்டமே இல்லை. கேமரன் மலையின் நிலை வேறு. போவும் சுங்கை பாலாசும் இன்றும் தேயிலைத் தோட்டங்களாகவே உள்ளன. நிலம் இருக்கிறது, இளமையில் பார்த்த அதே பசுமையும் இருக்கிறது. ஆனால், தோட்டவீடு வேலையோடு சேர்ந்தது. வேலை முடிந்தால் வீடும் முடியும். அங்கே பிறந்து வளர்ந்து நகருக்குப் பெயர்ந்தவர், தம் பெற்றோர் கொழுந்து பறித்த சரிவுக்குச் சுற்றுலாப் பயணியாக வந்து, தேநீர் அருந்திவிட்டுச் செல்லலாம், குடியமர இயலாது. இடம் அழிந்தவரின் துயரை நம் நாவல்கள் எழுதியுள்ளன. இடம் அழியாமலிருந்தும் திரும்ப முடியாதவரின் துயர் இன்னும் போதிய அளவில் எழுதப்படவில்லை. இன்று அங்கே கொழுந்து பறிப்போருள் வங்காளதேசம், நேப்பாளம் முதலிய நாடுகளிலிருந்து ஒப்பந்தத்தில் வந்தோர் பலர். விடுப்பில் ஊர்சென்று திரும்பும் அவர்களுக்கும் மீள்குடியமர்வு என்பது அனுமதித்தாளின் காலவரையறையே.

முடிவுரை

மருதி உடலைக் கொடுத்துத் திரும்புகிறாள்; செல்லையா பணியாளாகத் திரும்புகிறான்; யுன் லிங் உரிமையாளராகத் திரும்புகிறார். மூவருக்கும் இடம் பழகியதே. பழக்கம் மட்டும் எவரையும் குடியமர்த்திவிடவில்லை என்பதை இம்மூன்று படைப்புகளும் உணர்த்துகின்றன. ஆகவே, புலம்பெயர் புனைவுகளை வகுப்பறையில் பயிற்றுவிக்கும்போது, பாத்திரம் எதை எண்ணி ஏங்குகிறது என்ற வினாவோடு, திரும்பிய இரவில் அது எவருடைய வீட்டில் உறங்குகிறது என்ற வினாவையும் மாணவரிடம் எழுப்புதல் வேண்டும். முதல் வினா உள்ளத்தைக் காட்டும். இரண்டாவது வினா வரலாற்றைக் காட்டும். கேமரன் மலையின் தமிழ் நாவல் எழுதப்படும்போது இவ்விரண்டாம் வினாவிலிருந்து தொடங்கினால், மலேசியத் தமிழ்ப் புனைவுக்கு அது புதியதொரு வாயிலாக அமையும் என நம்புகிறோம்.