திரைப்பாடலும் தோட்டத்து இரசிகனும்

தமிழ்த் திரைப்படத்திற் பாடல் ஒரு வேண்டாத சுமை என்னும் கருத்து விமரிசகரிடையே நீண்டகாலமாக நிலவி வருகின்றது. காதலிப்பவரும் அழுபவரும் வாழ்க்கையிற் பாடுவதில்லை. ஆதலால் படத்திலும் பாடலாகாது என்பது அவர்தம் வாதம். நடப்பியலை அளவுகோலாகக் கொள்ளும் இவ்வாதம் இரசிகனின் கலைமரபைக் கணக்கில் எடுப்பதில்லை.

அமெரிக்காவில் 1927இல் வெளிவந்த 'ஜாஸ் சிங்கர்' பேச்சோடு பாட்டையும் திரைக்குக் கொணர்ந்தது. ஆயினும் அங்கு இசைப்படம் பலவகைப் படங்களுள் ஒன்றாகவே நின்றது. தமிழிலோ ஏறத்தாழ எல்லாப் படங்களும் இசைப்படங்களாயின. சங்கரதாஸ் சுவாமிகள் முதலியோர் வளர்த்த இசைநாடக மேடையிலிருந்தே நடிகரும் கதையும் பாட்டும் திரைக்கு வந்தமை இதற்குக் காரணமாகும். 1931இல் வெளியான 'காளிதாஸ்' காட்சியில், கதையோடு தொடர்பற்ற காந்தியின் இராட்டைப் பாடலை டி. பி. ராஜலட்சுமி பாடினார். பாடல் கதைக்குள் அடங்காது, பார்ப்போரின் காலத்தை நோக்கிப் பேசிற்று. 1954இல் பாடலின்றி வந்த 'அந்த நாள்' பாராட்டைப் பெற்றது. பின்பற்றுவோரை அதிகம் பெறவில்லை.

இம்மரபின் வலிமையை நகரத்து அரங்குகளை விட்டு, சப்பிரகமுவவில் குருவிட்டவைச் சூழ்ந்த தேயிலை, இறப்பர்த் தோட்டங்கள் போன்ற இடங்களில் வைத்தே நன்கு உணரலாம். தோட்டத் தொழிலாளர் ஆடும் காமன் கூத்தில், எரிந்த மன்மதனுக்காக இரதி பாடிப் புலம்புகின்றாள். அப்புலம்பலைக் கேட்டு வளர்ந்தவனுக்குத் திரையிலே துயருற்றவள் பாடுவது விந்தையன்று, பாடாதிருப்பதே விந்தை.

1948, 1949ஆம் ஆண்டுச் சட்டங்கள் இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோரின் குடியுரிமையையும் வாக்குரிமையையும் பறித்தன. 1950இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்பு, திரைப்பாடலை லயங்களுக்குள் கொண்டுவந்தது. நாடற்றவனாக்கப்பட்டவனுக்குத் தமிழுலகோடு ஓர் உறவை அது பத்திரம் எதுவும் கேளாமல் வழங்கிற்று. திரைப்பாடலின் கவர்ச்சியை வெறும் கனவுமயக்கம் எனத் தள்ளுவோர் இதனை மறந்துவிடுகின்றனர்.

எனினும் இவ்வுறவுக்கு ஒரு விலையும் உண்டு. கங்காணியின் கொடுமையையும் கடல்கடந்து வந்த துயரையும் தோட்டத்து நாட்டார் பாடல்கள் பாடின. சி. வி. வேலுப்பிள்ளை அவற்றைத் தொகுத்துப் பேணினார். திரைப்பாடலின் ஓசை உயர உயர, அப்பாடல்களின் குரல் தாழ்ந்தது. புதிதாக வந்த பாட்டிற் காதலும் தத்துவமும் தாய்ப்பாசமும் இருந்தன; பிரட்டுக்களமும் கொழுந்துக் கூடையும் பெரும்பாலும் இல்லை. வி. பி. கணேசனின் முயற்சியால் 1975இல் வெளிவந்த 'புதிய காற்று' தோட்டத் தொழிலாளரின் வாழ்வை இலங்கைத் தமிழ்த் திரைக்குக் கொணர முயன்றது. அவ்வழியிற் படங்கள் பெருகவில்லை.

ஆகவே, படத்திற் பாட்டு எதற்கு என்னும் வினாவால் விமரிசனத்துக்குப் பயன் சிறிதே. அப்பாட்டில் யாருடைய வாழ்வு ஒலிக்கின்றது என்பதே கேட்கற்பாலது. இரதியின் புலம்பலுக்கு இடமளித்த மரபு, கொழுந்து பறிப்பவளின் குரலுக்கும் திரையில் இடமளிக்குமாயின், இசைப்படம் அவளுக்கு முற்றும் உரிய கலையாகும்.