மஞ்சள் விளக்கு பொய் சொல்கிறதா?

"புலி வருது, புலி வருது" என்று கூவி ஊரை ஏமாற்றிய சிறுவனின் கதை நம் எல்லோருக்கும் தெரியும். உண்மையிலேயே புலி வந்தபோது ஒருவரும் ஓடி வரவில்லை. இக்கதையைச் சிறுவர்களுக்குச் சொல்லும் நாம், கருவிகளை அமைக்கும் பொறியாளர்களுக்குச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

இன்றைய கார்களில் ஓட்டுநரின் எதிரே ஒரு மஞ்சள் விளக்கு இருக்கிறது. குதிரை லாடம் போன்ற வடிவம். நடுவே ஓர் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்துவிட்டது என்பது அதன் பொருள். ஓட்டுநர் காரை நிறுத்தி அளந்து பார்க்கிறார். காற்று போதிய அளவு இருக்கிறது. மறுநாள் காலையும் விளக்கு எரிகிறது. நான்காம் நாள் அவர் அதைப் பார்ப்பதையே விட்டுவிடுகிறார். அதன் மேல் கறுப்பு நாடாவை ஒட்டிவிடுபவர்களும் உண்டு. உயிரைக் காக்க வந்த ஒரு கருவிக்கு இந்தக் கதி ஏன் நேர்ந்தது? குற்றம் யாருடையது?

விளக்கு பிறந்த கதை

டயரின் காற்றழுத்தத்தைத் தானே கண்காணிக்கும் அமைப்பு 1986 இல் போர்ஷே 959 என்ற காரில் வந்தது. அன்று அது செல்வந்தர்களின் வசதி. அதைச் சட்டமாக்கியவை விபத்துகள். 2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற நேர்ந்தது. அவற்றில் பல, ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகளில் பூட்டப்பட்டவை. ஓடும்போதே டயரின் மேற்பட்டை பிரிந்து வண்டிகள் உருண்டன. 270 பேருக்கு மேல் உயிரிழந்ததாக அந்நாட்டு அரசு கணக்கிட்டது.

இதில் காற்றுக்கு என்ன பங்கு? காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மிகுதியாக வளைந்து நிமிர்கிறது. ஒரு கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் சூடாவது போல, டயரும் சூடாகிறது. சூடு ஏற ஏற ரப்பருக்கும் உள்ளிருக்கும் எஃகு இழைகளுக்கும் உள்ள பிடிப்பு தளர்கிறது. ஆகவே 2000 நவம்பர் 1 இல் கையெழுத்தான சட்டம், காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவியைக் கட்டாயமாக்கியது.

2002 இல் வந்த முதல் விதி, நான்கு டயர்களையும் கவனிக்க வேண்டும், அல்லது ஒரு டயர் குறைந்தால் மட்டும் எச்சரித்தால் போதும் என்று இரு வழிகளைத் தந்தது. 2003 இல் நீதிமன்றம் அதனைத் தள்ளியது. 2005 இன் இறுதி விதிப்படி, எத்தனை டயர்களில் குறைந்தாலும், பரிந்துரைத்த அழுத்தத்தில் 25 விழுக்காடு குறைந்த 20 நிமிடங்களுக்குள் விளக்கு எரிய வேண்டும். 2007 செப்டம்பர் முதல் அமெரிக்காவின் புதிய இலகுவகை வண்டிகள் அனைத்திற்கும் இது பொருந்தியது. ஐரோப்பாவில் 2014 நவம்பர் முதல் புதிய பயணியர் கார்கள் எல்லாவற்றிற்கும் இத்தகைய அமைப்பு கட்டாயமாயிற்று.

காலையில் மெய், நண்பகலில் பொய்

இனி, விளக்கு பொய் சொல்கிறது என்ற குற்றச்சாட்டை ஆராய்வோம். ஒரு காருக்குப் பரிந்துரைத்த அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 33 பவுண்டு என்று கொள்வோம். 25 விழுக்காடு குறைந்தால் சுமார் 24.8, விளக்கு எரிய வேண்டிய எல்லை அதுதான். 20 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அளந்தபோது டயரில் 29 பவுண்டு இருக்கிறது. சற்றுக் குறைவுதான், ஆயினும் எல்லைக்கு மேலே. விளக்கு எரியாது.

இரவில் குளிர் இறங்கி, வெப்பநிலை பூச்சியத்திற்குக் கீழே 10 டிகிரி ஆகிறது. மூடிய கலத்தில் உள்ள வாயுவின் அழுத்தம் அதன் தனி வெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் மாறும் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். வெளிக்காற்றின் அழுத்தமான 14.7 பவுண்டைச் சேர்த்தால் டயரின் முழு அழுத்தம் 43.7. தனி வெப்பநிலை 293 இலிருந்து 263 ஆகக் குறைகிறது. எனவே முழு அழுத்தம் 39.2 ஆகும். 14.7 ஐக் கழித்தால் மீதி 24.5. விளக்கு எரிகிறது! கார் ஓடியதும் டயர் சூடாகிறது, அழுத்தம் ஏறுகிறது, விளக்கு அணைகிறது. நண்பகலில் அளந்து பார்ப்பவர், "காலையில் இது பொய் சொன்னது" என்கிறார். விளக்கு பொய் சொல்லவில்லை. காலையில் காற்று உண்மையிலேயே குறைவாகத்தான் இருந்தது. நண்பகலிலும் 33 ஐ எட்டவில்லை.

ஆனால் மெய்யான பொய்களும் உண்டு. சில கார்களில் அழுத்தத்தை நேரே அளக்கும் உணர்கருவி சக்கரத்தினுள் இல்லை. காற்று குறைந்த டயரின் உருளும் ஆரம் சிறுத்து, அது சற்று வேகமாகச் சுழலும். பிரேக் அமைப்பில் உள்ள வேக உணர்கருவிகளைக் கொண்டு இதனைக் கணிப்பார்கள். இவ்வகைக் காரில் காற்றை நிரப்பிய பின், அல்லது டயரை மாற்றிய பின், புதிய நிலையைக் கருவிக்கு அறிமுகப்படுத்தாவிட்டால், அது பழைய கணக்கையே வைத்துக்கொண்டு கூச்சலிடும். நேரே அளக்கும் வகையிலோ, சக்கரத்தினுள் உள்ள சிறு மின்கலம் சில ஆண்டுகளில் தீர்ந்துபோகும். அப்போதும் அதே விளக்குதான் எரிகிறது.

நம் குறைபாடு என்ன?

இங்குதான் நம் விமர்சனம் தொடங்குகிறது. "காற்று குறைவு", "கருவி பழுது" என்ற இரு வேறு செய்திகளை ஒரே விளக்கு சொல்ல அமெரிக்க விதி அனுமதித்தது. பழுதானால் 60 முதல் 90 விநாடிகள் வரை சிமிட்டி, பிறகு நிலையாக எரியும். அந்த முதல் நிமிடத்தில் ஓட்டுநர் சாலையைப் பார்ப்பாரா, விளக்கைப் பார்ப்பாரா? அதைத் தவறவிட்டவருக்கு இரண்டும் ஒன்றே. ஒரே மணியை உணவு வேளைக்கும் தீ விபத்துக்கும் அடிக்கும் விடுதியில் யார் ஓடுவார்கள்?

இரண்டாவது குறை, எண்ணை மறைப்பது. நேரே அளக்கும் கருவிக்கு அழுத்தத்தின் அளவு தெரியும். அப்படியிருந்தும் பல கார்கள் அதனை ஓட்டுநருக்குக் காட்டாமல், ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்கின்றன. 24 என்ற எண்ணைக் கண்டவர் குளிரைப் புரிந்துகொள்வார். வெறும் விளக்கைக் கண்டவர் ஏமாற்றம் அடைவார்.

மூன்றாவது குறை, விளக்கின் மௌனம். 20 விழுக்காடு குறைந்த டயரைப் பற்றி அது ஒன்றும் சொல்லக் கடமைப்படவில்லை. விளக்கு அணைந்திருப்பதை "எல்லாம் நலம்" என்று படிப்பது எரிவதைப் பொய் என்று படிப்பதைவிட ஆபத்தானது.

நன்மையையும் சொல்லிவிட வேண்டும். 2012 இல் அமெரிக்க அரசு வெளியிட்ட மதிப்பீட்டின்படி, காற்று மிகக் குறைந்த டயர்களோடு வண்டிகள் ஓடுவதை இவ்வமைப்பு சுமார் 56 விழுக்காடு தடுத்திருக்கிறது. பயனற்ற கருவி என்று தள்ள முடியாது. பயனுள்ளது என்பதால்தான் அதன் பேச்சு தெளிவாக இருக்க வேண்டும் என்கிறோம்.

இது தொலைநாட்டுக் கதையும் அன்று. இந்தியாவில் 2020 இல் திருத்திய விதிகளின்படி, டியூப் இல்லாத டயரும், பஞ்சர் ஒட்டும் கருவிகளும், இக்கண்காணிப்பு அமைப்பும் உள்ள கார்களுக்கு ஸ்டெப்னி கட்டாயமில்லை. ஸ்டெப்னியின் இடத்தில் விளக்கு வந்து நிற்கிறது. அதை நம்பாத ஓட்டுநருக்கு இரண்டுமே இல்லை.

நாம் செய்யக்கூடியவை சில. காலையில், கார் ஓடுமுன், டயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். ஓட்டுநர் கதவருகே ஒட்டியுள்ள தாளில் கண்ட அளவுக்கு நிரப்ப வேண்டும்; டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது உச்ச அளவு. நிரப்பியதும் விளக்கு அணையாவிட்டால் சில கிலோமீட்டர் ஓட்டிப் பார்க்க வேண்டும். நிற்கும் சக்கரத்தில் பல உணர்கருவிகள் உறங்கிக்கொண்டிருக்கும். கணிக்கும் வகையானால் கையேட்டின்படி மீண்டும் அறிமுகப்படுத்த வேண்டும். கிளம்பும்போது விளக்கு சிமிட்டினால், குறை காற்றில் அன்று, கருவியில்.

சிறுவன் பொய் சொன்னது தவறு. ஆனால் எந்தக் கூவல் புலிக்கு, எந்தக் கூவல் விளையாட்டுக்கு என்று பிரித்தறிய ஊருக்கு வழி செய்யாததும் தவறுதான். நாடாவை ஒட்டுமுன் ஒருமுறை அளந்து பாருங்கள். அடுத்த முறை வருவது புலியாகவும் இருக்கலாம்.