இரண்டாவது கதவு

'பொது' என்ற சொல்லைக் கேட்டாலே நம்ம ஆளுங்களுக்குச் சந்தேகம் வரும். பொதுக்கிணறு, பொதுப்பாதை, பொதுச்சுடுகாடு என்று எழுதி வைத்த இடங்களில் எல்லாம் நாம் எங்கே நிறுத்தப்பட்டோம் என்பது தெரிந்ததுதான். இப்போது பொது இணையம் என்கிறார்கள். கிராமத்துக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டால், எல்லோருக்கும் அதைத் தட்டக் கற்றுக்கொடுத்துவிட்டால், சாதி தானாகக் கழன்று விழும் என்கிற கதையாடல் இருபத்தைந்து வருஷமாக நடக்கிறது. தருமபுரி மாவட்டத்துக் காலனி ஒன்றிலிருந்து அதை வாசித்தால் என்ன தெரியும்?

முதலில் ஒரு பிரதி. 2000 மே மாதம் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில் புதுச்சேரிப் பகுதி ஏம்பலம் கிராமத்தைப் பற்றிச் சீலியா டக்கர் எழுதினார். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் வில்லியனூரை மையமாக வைத்துத் தொடங்கிய திட்டத்தின் தகவல் மையம் ஒன்று அங்கே கோவில் கட்டடத்தில் இருந்தது. கட்டுரை அந்தக் கோவிலின் இரண்டு கதவுகளோடு தொடங்குகிறது. ஒரு கதவு வழியாகத் தலித்துகளும் வீட்டுவிலக்கான பெண்களும் போகக் கூடாது, உள்ளே சாமி. இன்னொரு கதவு வழியாக யாரும் போகலாம், உள்ளே கம்ப்யூட்டர்.

நிறுவனத்தைக் குறை சொல்ல இதை எடுக்கவில்லை. எல்லாச் சாதியாரும் வந்துபோக வேண்டும் என்று நிபந்தனை போட்டுத்தான் மையம் கொடுத்தார்கள். வீராம்பட்டினத்தில் அலை உயரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து எடுத்து மீனவர்களுக்கு ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நல்ல காரியம்.

கேள்வி அந்தப் படிமத்தின் மேல்தான். வாசகர்கள் வியந்தது இரண்டாவது கதவைப் பார்த்து. முதல் கதவு என்ன ஆச்சு? அதே சுவரில் மூடியே கிடந்தது. கோவில் கட்டடம் என்றால் இரண்டு சாவியும் ஒரே கொத்தில்தானே தொங்கும்? திறப்பதும் மூடுவதும் ஒருத்தன் இஷ்டம் என்றான பிறகு, உள்ளே இருப்பது சாமியா கம்ப்யூட்டரா என்பது அப்புறம். மரபும் நவீனமும் அக்கம்பக்கத்தில் என்று ரசிக்கிற கண் யாருடையது? வாசலில் செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கி நிற்கிற அம்மாவுடையது அல்ல.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. 2001இல் எம்.ஐ.டி., ஹார்வர்டு, சென்னை ஐ.ஐ.டி. சேர்ந்து 'சாரி' என்ற பெயரில் மதுரை மாவட்டம் மேலூர்ப் பகுதியில் இணையக் கூடங்கள் வைத்தார்கள். 1997இல் ஊராட்சித் தலைவர் முருகேசன் வெட்டிக் கொல்லப்பட்ட மேலவளவு அந்த மேலூர் வட்டத்தில்தான் இருக்கிறது. ராஜேந்திர குமார், மைக்கேல் பெஸ்ட் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு சொல்வது: வந்தவர்கள் கொஞ்சம் பேர், அவர்களிலும் பெரும்பாலோர் இளம் ஆண்கள், மாணவர்கள், படிப்பும் வசதியும் உள்ள முன்னேறிய சாதியினர். ஆனால் ஒடுக்கப்பட்டவர்களின் குடியிருப்புக்குப் பக்கத்தில் கூடம் இருந்து, அவர்களிலிருந்தே ஒருவர் முன்னின்றபோது அவர்களும் கூடுதலாக வந்தார்கள். நம்ம பாட்டியைக் கேட்டிருந்தால், கிணத்தை எந்தப் பக்கம் வெட்டினா யாரு தண்ணி மொள்ளுவாங்கன்னு அதுவே சொல்லியிருக்கும்.

தருமபுரிக்கு வருவோம். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் கடைசி மாவட்டம், 68.5 சதவீதம். 2012 நவம்பர் 7ஆம் தேதி நத்தம், அண்ணாநகர், கொண்டம்பட்டி காலனிகளைக் கொளுத்தினார்களே, அப்போது வீடுகளோடு சேர்ந்து பிள்ளைகளின் சான்றிதழ்களும் சாம்பலாயின. காகிதம் போனால் மறுபடியும் அரசாங்கத்திடம்தான் போய் நிற்க வேண்டும். இன்றைக்கு அந்த அரசாங்கம் இருப்பது இ-சேவை மையத்தில். சாதிச் சான்றிதழுக்கு அறுபது ரூபாய், ஒரு பதிவு எண், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. மையம் ஊருக்குள் இருந்தால் காலனிக்காரர் அங்கே நடந்துபோய்த் தன் சாதியை நிரூபிக்க வேண்டும். ஊருக்கோ அது சான்றிதழ் இல்லாமலே தெரியும்.

பயிற்சி கொடுத்தோமே என்பார்கள். 2017இல் தொடங்கி 2024 மார்ச்சில் முடிந்த பிரதமர் கிராமப்புற டிஜிட்டல் எழுத்தறிவுத் திட்டத்தின் இலக்கு ஆறு கோடி வீடுகள். வீட்டுக்கு ஒருத்தர், இருபது மணி நேரம். தலித், பழங்குடி, பெண்களுக்கு முன்னுரிமை என்று விதியில் இருந்தது. ஆனால் வீட்டுக்கு ஒருத்தர் என்றால் நம் வீட்டிலும் பையனைத்தானே அனுப்புவோம்? இதை நமக்கு நாமே சொல்லிக்கொள்ள வேண்டும். பாடத்தில் இருந்தது: கருவியைத் திறப்பது, மின்னஞ்சல், பணம் அனுப்புவது, அரசு சேவை கேட்பது. மனுப்போடக் கற்றுக்கொண்டோம். மனு என்ன ஆச்சு என்று மடக்கிக் கேட்க, நமக்கு நடந்ததை நாமே தட்டெழுதி வெளியே அனுப்ப எத்தனை மணி நேரம் ஒதுக்கினார்கள்?

மையத்தைக் காலனிக்குள் வை, எங்க பொண்ணுங்க கையில் சாவியைக் கொடு என்று கேட்டால், அதான் எல்லார்கிட்டயும் போன் இருக்கே என்று பதில் வருகிறது. இருக்கிறது. வீட்டுக்கு ஒரு போன். அது பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன அப்பனோடு போயிருக்கும். மையத்தில் நிற்கிற அம்மா யாரிடமோ போன் இரவல் வாங்கிக் கூப்பிடுகிறாள்: "ஏங்க, ஆறு நம்பர் வந்திருக்கும் பாருங்க, சொல்லுங்க." சாரத்தின் மேல் நிற்கிற மனுஷன் சிமெண்டுக் கையைத் துடைத்துவிட்டு, பக்கத்தில் படிக்கத் தெரிந்த பையனைத் தேடுகிறான். இங்கே மேசைக்காரர் சொல்லிவிட்டார்: "டைம் முடிஞ்சி போச்சும்மா. தள்ளி நில்லு, அடுத்த ஆளைப் பார்த்துட்டு மறுபடி அனுப்பறேன்."