மஞ்சள் கட்டத்துக்குள் குற்றாலம்

1966-இல் வந்த யாஷிகா எலக்ட்ரோ 35 போன்ற ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவில் காட்சி மங்குவதே இல்லை. ஃபோகஸ் தவறினாலும் எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும். நடுவிலுள்ள சிறு மஞ்சள் கட்டத்தில் மட்டும் உருவம் இரட்டையாக நிற்கும். லென்ஸ் வளையத்தைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். அந்த ஒட்டும் கணத்துக்காகவே இதை விடமுடியவில்லை.

பழகத் தென்காசி தோதான ஊர். காசிவிசுவநாதர் கோயிலின் சுமார் 180 அடி ராஜகோபுரத்தைத் தொலைவில் நின்று பார்த்து, வளையத்தை முடிவிலிக்குத் திருப்பினால் கலசங்கள் ஒன்றாக வேண்டும். ஆகாவிட்டால் கேமராவைச் சரிபார்க்க ஆள் தேடுங்கள்.

குற்றால அருவியில் பாடு அதிகம். விழும் தண்ணீருக்கு விளிம்பேது? கட்டத்துக்குள் வெள்ளைமேல் வெள்ளை. அருவிக்கரைத் தடுப்பின் செங்குத்துக் கம்பியைப் பிடிக்க வேண்டும். உருவம் பக்கவாட்டில் விலகுவதால் படுக்கைக் கம்பி பயன்படாது. சாரல் துளி லென்ஸில் படிந்தாலும் நமக்குத் தெரியாது, நாம் பார்ப்பது வேறு சாளரம் வழியே. (லென்ஸ் மூடியோடு படமெடுத்தவர்கள் ஊருக்கு ஊர் உண்டு.)

அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துக்கொள்பவர்களைக் கேட்டுவிட்டு எடுக்கலாம். ஆனால் தேய்ப்பவரின் கைவேகத்தில் ஆள் முன்னும் பின்னும் ஆடுவார், லென்ஸ் துளையை எஃப் 1.7-க்கு அகலத் திறந்திருந்தால் அது போதும் மூக்கு தெளிந்து காது மங்க. துளையை எஃப் 8-க்குச் சுருக்கி, வளையத்தை 3 மீட்டரில் நிறுத்திவிடுவதே என் கட்சி.