குழூஉக்குறியும் மோட்டார்க் கொம்பனியும்

தகுதி வழக்கினை மாணவர்க்குக் கற்பிக்கும்போது இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி என மூன்றாக வகுத்துக் கூறுவது மரபு. செத்தாரைத் துஞ்சினார் என்பது மங்கலம். பொற்கொல்லர் தம்முள் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி. பரீட்சையில் இவ்விரண்டு உதாரணங்களையும் எழுதியவனுக்குப் புள்ளி கிடைத்துவிடும். ஆனால் ஒரு கூட்டத்தார் தமக்கென மறைசொல் வகுத்துக்கொள்வதால் யாருக்கு நயம், யாருக்கு நட்டம் என்ற வினாவை நாம் வகுப்பறையில் எழுப்புவதில்லை. எழுப்பியிருக்க வேண்டும் என்ற எண்ணத்தை எமக்குத் தந்தது இலக்கண உரை எதுவுமன்று; ஐக்கிய அமெரிக்காவின் ஜெனரல் மோட்டோர்ஸ் கொம்பனி 2008 ஆம் ஆண்டில் தன் ஊழியருக்கு வழங்கிய ஒரு பயிற்சிக் குறிப்பாகும்.

வாகனக் குறைகளைப் பற்றி எழுதும்போது விலக்க வேண்டிய சொற்களும் தொடர்களுமாக 69 அக்குறிப்பிலே பட்டியலிடப்பட்டிருந்தன. 2014 மே மாதத்தில், அந்நாட்டு அரசின் வீதிப் பாதுகாப்பு நிருவாகத்துடன் கொம்பனி செய்துகொண்ட உடன்படிக்கையின் வாயிலாகவே அது வெளியுலகுக்குத் தெரியவந்தது. 'மரணப்பொறி', 'விதவையாக்கி', 'உருளும் சவப்பெட்டி' என்பன அதிற் காணப்படுகின்றன. பொறியியலாளன் தன் அறிக்கையில் உணர்ச்சியைக் கொட்டாது உண்மையை எழுதுவதே முறை என்று ஒருவர் வாதிக்கலாம். அவ்வளவில் நாமும் உடன்படுவோம். ஆனால் அதே பட்டியலில் 'ஆபத்தான', 'பாரதூரமான', 'பிரச்சினை', 'குறைபாடு', 'பாதுகாப்பு' என்னும் சொற்களும் விலக்கப்பட்டுள்ளனவே! இவற்றில் உணர்ச்சி எங்கே இருக்கிறது? 'பிரச்சினை' என்னாது 'விடயம்' என்க. 'குறைபாடு' என்னாது 'வடிவமைப்புக்கு ஏற்ப இயங்கவில்லை' என்க என்பது அக்குறிப்பின் விதி.

இவ்விதியின் காரணத்தைச் சட்டத்திலே தேட வேண்டும். 1965 இல் இளஞ் சட்டத்தரணியான றால்ஃப் நேடர் அமெரிக்க மோட்டார் உற்பத்தியாளரின் அசட்டையை அம்பலப்படுத்தி ஒரு நூல் எழுதினார். ஜெனரல் மோட்டோர்ஸின் 'கோர்வெயர்' வண்டியே அதன் முதல் அத்தியாயப் பொருள். கொம்பனியோ அவர் பின்னால் தனியார் துப்பறிவோரை ஏவியது. விடயம் வெளிப்பட்டு, 1966 மார்ச்சில் கொம்பனித் தலைவர் செனற் உபகுழுவின் முன் மன்னிப்புக் கோர நேர்ந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் மோட்டார் வாகனப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. 'பாதுகாப்பு சார்ந்த குறைபாடு' உண்டெனத் தெரிந்தால் உற்பத்தியாளன் அதனை அறிவித்தாக வேண்டும் என்பது இச்சட்டத்தின் வழிவந்த கடமை. பிற்கால விதிகள் அதற்கு ஐந்து வேலைநாட்களே தவணை கொடுத்தன. ஆகவே இவ்விரு சொற்களும் வெறுஞ் சொற்களல்ல. எழுதிய கணத்தில் நாட்கணக்கு ஓடத் தொடங்கும், பணம் செலவாகும். எழுதப்படாத வரையில் குறைபாடே இல்லை! (விலக்கப்பட்டவற்றுள் 'கோர்வெயர் போன்ற' என்பதும் ஒன்று. 1972 இல் வெளியான அரச ஆய்வொன்று, கோர்வெயர் சமகால வண்டிகளைவிட மோசமானதன்று எனக் கூறியது உண்மையே. எனினும் அப்பெயர் கொம்பனியின் மனத்தை நாற்பது ஆண்டுகளின் பின்னரும் விட்டகலவில்லை.)

சொல்லை விலக்குவதால் உயிர் போகுமா? செவ்ரொலே கோபால்ற் முதலிய சிறு வண்டிகளின் கதை இதற்கு விடை பகரும். இவ்வண்டிகளின் திறப்பைச் செருகித் திருப்பும் ஆளியினுள் இருந்த சுருள்வில் போதிய வலுவற்றது. கனத்த திறப்புக் கொத்தொன்று தொங்கினாலோ, சாரதியின் முழங்கால் தட்டுப்பட்டாலோ, ஓடும்போதே ஆளி இடம் பெயர்ந்து எஞ்சின் நின்றுவிடும். சுக்கானும் பிறேக்கும் இயந்திரத் துணையை இழந்து இறுகிவிடும். மோதலின்போது விரிந்து காக்க வேண்டிய காற்றுப்பையும் செயலிழந்துவிடும். நிர்ணயித்த அளவிலும் ஆளி வலுக்குறைந்தது என்று தெரிந்திருந்தும் 2002 இல் அதற்கு அங்கீகாரம் வழங்கப்பட்டது. வண்டிகள் விற்பனைக்கு வந்ததும் முறைப்பாடுகள் எழுந்தன. அவை எந்த வகுப்பிற் சேர்க்கப்பட்டன? 'வாடிக்கையாளர் வசதி'. சாரதிக்கு ஏற்படும் ஒரு சிறு அசௌகரியம், அவ்வளவே! வசதிக் குறைவென்றால் செலவும் வரவும் பார்க்கலாம், பார்த்தார்கள். 2005 இல், முன்மொழியப்பட்ட திருத்தம் எதுவும் வியாபார ரீதியில் ஏற்புடையதன்று என விசாரணை மூடப்பட்டது. ஆளி ஒன்றுக்கு ஆகக்கூடிய மேலதிகச் செலவு ஒரு டொலருக்கும் குறைவே என்பது பின்னர் காங்கிரஸ் விசாரணையில் வெளிவந்தது. காற்றுப்பை விரியாத விபத்துகளை ஆராய்ந்த பொறியியலாளர், எஞ்சின் நிற்பதற்கும் பை விரியாமைக்கும் உள்ள தொடர்பை ஆண்டுக்கணக்கிற் காணவில்லை. 'வசதி' என்ற பெயர் ஒட்டப்பட்ட கோப்பில் சாவின் காரணத்தை யார் தேடப்போகிறார்கள்?

2005 டிசெம்பரில் விற்பனை முகவர்களுக்குச் சுற்றறிக்கை ஒன்று போயிற்று. திறப்புக் கொத்திலுள்ள கனமான பொருள்களை அகற்றும்படி வாடிக்கையாளருக்குச் சொல்லுங்கள் என்பது அதன் சாரம். வண்டி 'நின்றுபோதல்' என்ற சொல் அதிலே தவிர்க்கப்பட்டது. அது 'சூடான' சொல். பாதுகாப்பு அதிகாரிகளின் கண்ணில் படும் என்பதே காரணமென, கொம்பனியே நியமித்த சட்டத்தரணியின் 2014 ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. நடுவீதியில் வண்டி நின்றுபோயிற்று என்று முறையிட வந்தவனுக்கு அப்பெயரில் அச்சுற்றறிக்கையில் எதுவும் இருக்கவில்லை. 2006 இல் ஆளி திருத்தப்பட்டது. ஆனால் உதிரிப்பாகத்தின் இலக்கம் மாற்றப்படவில்லை. பழையதும் புதியதும் ஒரே பெயரில் உலாவின. ஒரு குடும்பம் தொடுத்த வழக்கில் அமர்த்தப்பட்ட பொறியியலாளர் இரண்டையும் பிரித்து ஒப்புநோக்கிய பின்னரே சூது வெளிப்பட்டது. 2014 பெப்ரவரியில் தொடங்கி ஏறத்தாழ 26 இலட்சம் வண்டிகள் திருத்தத்துக்கென மீள அழைக்கப்பட்டன. தொடக்கத்தில் 13 மரணங்களை ஒப்புக்கொண்டது கொம்பனி. நட்டஈட்டு நிதியம் இறுதியில் ஏற்றுக்கொண்டவையோ 124.

இவ்விடத்தில் போர்ட் கொம்பனியின் 'பின்ரோ' வண்டியை நினைவுகூரும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. உயிரொன்றுக்கு இரண்டு இலட்சம் டொலர் என விலைகுறித்து, பின்ரோவின் பெற்றோல் தாங்கியைத் திருத்தாமல் விட்டார்கள் எனக் கூறப்படுவதுண்டு. 1973 ஆம் ஆண்டின் அக்கணக்குப் பின்ரோவைப் பற்றியதன்று. வண்டிகள் புரளும்போது ஏற்படும் தீவிபத்தைக் குறித்து, அமெரிக்க வாகனங்கள் அனைத்துக்குமாக அரசிடம் கையளிக்கப்பட்டது. உயிரின் விலையையும் அரச நிருவாகமே கணித்திருந்தது. எதிராளியைக் கண்டிக்கும் ஆர்வத்தில் நாம் ஆதாரத்தைத் திரிக்கலாகாது. உள்ளபடி நோக்கினும் அப்பத்திரம் போதிய சாட்சியாகும்: 180 பேர் எரிந்து சாகாமற் காப்பாற்றப்படுவதும், 2,100 வண்டிகள் எரியாதிருப்பதும் 'நன்மைகள்' என்ற ஒரே தலைப்பின் கீழ் அடுத்தடுத்து நிற்கின்றன.

ஜெனரல் மோட்டோர்ஸின் பட்டியல் மங்கலமா, குழூஉக்குறியா என்று எம் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி கேட்டாள். இரண்டுமே என்பது எம் கருத்து. வெளியே நிற்பவனுக்கு அது மங்கலம். சாவு அவன் காதில் விழுவதில்லை. உள்ளே இருப்பவனுக்குக் குழூஉக்குறி. 'விடயம்' என்றால் என்னவென்று அவனுக்கு நன்றாகத் தெரியும். பொற்கொல்லனின் 'பறி' வாங்க வந்தவனைச் சில பணம் ஏமாற்றியிருக்கலாம். அதனோடு இதனை ஒரே சூத்திரத்துள் அடக்குவது இலக்கணத்துக்குப் பொருந்தினும் எமக்கு ஒப்பவில்லை என்றே அவளுக்குச் சொன்னோம்.

2015 செப்டெம்பரில் கொம்பனி 90 கோடி டொலர் செலுத்தி, குறைபாட்டை மறைத்ததை ஒப்புக்கொண்டு, வழக்கை ஒத்திவைக்கும் உடன்படிக்கை ஒன்றைச் செய்துகொண்டது. ஊழியர் எவர் மீதும் குற்றம் சாட்டப்படவில்லை. நிபந்தனைகள் நிறைவேறினவெனக் கூறி 2018 இல் அவ்வழக்குத் தள்ளுபடி செய்யப்பட்டது.