புள்ளி எண்ணி வண்டை அறிதல்

தெலுங்கு பேசும் உழவர் அட்சிந்தல புருகு என்றும் தமிழர் பொறிவண்டு என்றும் அழைக்கிற சிற்றுயிரை, சித்தூர்ப் பக்கத்து வேர்க்கடலைக் கொல்லைகளிலும் பலமனேர், குப்பம் வட்டாரத்து மல்பெரித் தோட்டங்களிலும் காண்கிறவர்கள், முதுகின் நிறத்தையும் அதன்மேல் உள்ள புள்ளிகளின் தொகையையும் கொண்டே இன்ன ஜாதி என்று தீர்மானித்துவிடும் வழக்கம், பள்ளிப் பிள்ளைகள் முதல் பூச்சியியல் பயிலும் மாணவர்கள் வரை பரவியிருக்கிறது. எளிமையான வழி என்பதாலேயே இதை இகழ்ந்து ஒதுக்குவது நியாயமன்று. ஆயினும் இதன் எல்லை எங்கே முடிகிறது என்பதை அறியாமல் கைக்கொள்வதால் விளையும் நஷ்டம் பெரிது.

முதலில் அதன் பெருமையைச் சொல்லிவிட வேண்டும். நியூயார்க் மாநிலம் 1989இல் தனது சின்னமாக ஏற்றுக்கொண்ட ஒன்பது புள்ளிப் பொறிவண்டு, அம்மாநிலத்திலேயே ஒருவர் கண்ணிலும் படாமல் மறைந்துபோயிருந்த காலத்தில், கார்னெல் பல்கலைக்கழகத்தார் பொதுமக்களை நோக்கி, காணும் வண்டுகளையெல்லாம் படமெடுத்து அனுப்புமாறு வேண்டிக்கொண்டனர். அவ்வேண்டுகோளுக்கு இசைந்து தேடியவர்களாலேயே 2011இல் லாங் ஐலண்டில் ஒரு பண்ணையில் அது மீண்டும் அகப்பட்டது. விரல்விட்டு எண்ணத்தக்க நிபுணர்கள் எத்தனை வயல்களில்தான் நடந்து பார்க்க முடியும்? கண்ணும் பொறுமையும் உள்ள எவரையும் விஞ்ஞானத்துக்குத் துணைவராக்கும் சக்தி புள்ளி எண்ணும் முறைக்கு உண்டு.

ஆனால் அதே அமெரிக்க மண்ணிலேயே இம்முறை தோற்கவும் காண்கிறோம். ஆசியாவிலிருந்து அங்கே கொண்டுசெல்லப்பட்ட ஹார்மோனியா ஆக்ஸிரிடிஸ் என்னும் வண்டு, ஒரு புள்ளியும் இல்லாமலும் இருக்கும், பத்தொன்பது புள்ளிகளோடும் இருக்கும், முற்றும் கறுத்துச் சிவப்புத் திட்டுகளோடும் இருக்கும். மெக்ஸிகோவுக்கு வடக்கேயுள்ள 400க்கு மேற்பட்ட இனங்களை ஆராய்ந்து, 1985இல் 900 பக்கங்களைக் கடந்த ஒரு கிரந்தத்தை வெளியிட்ட கார்டன் என்னும் பூச்சியியலாரும், நிறத்தை மட்டும் நம்பாமல், ஆண்வண்டின் இனவுறுப்புகளை அறுத்தெடுத்து வரைந்து காட்ட வேண்டியதாயிற்று. நம் கொல்லைகளில் அசுவினியைத் தின்று திரியும் கைலோமினஸ் செக்ஸ்மாகுலேட்டாவும் இப்படியே: நெளிகோடுகள் கொண்ட ஒன்றும், அக்கோடுகள் கூடிக் கறுத்துப்போன ஒன்றும், கோடுகள் தேய்ந்து வெளிறிய ஒன்றும் ஓரினமே. நிறத்தை மட்டும் பார்க்கும் மாணவர் அவற்றை மூன்று இனங்களாகக் குறித்துக்கொண்டால் அவர்மேல் குற்றமில்லை. அவருக்குக் கற்பித்த முறையின்மேலேயே குற்றம்.

அப்படியானால் அறுத்துப் பார்ப்பதே சர்வ பிரமாணம் என்று கொள்ளலாமா? இனத்தை நிச்சயிப்பதில் அதற்கு நிகரில்லை என்பதை ஒப்புகிறேன். பூரணி அம்மையார் 2002இல் வெளியிட்ட இந்தியப் பகுதியின் பொறிவண்டுப் பட்டியல் போன்ற உழைப்பு நமக்குக் கிடைத்திருப்பது பெரும் பாக்கியம். ஆனால் ஆய்வுக்கூடத்தை எட்டும் வண்டு பெரும்பாலும் செத்த வண்டு. அதன் அடியில் குத்திய சீட்டில் ஊரும் தேதியும் இருக்கும், அது எந்தச் செடியில் எதைத் தின்றுகொண்டிருந்தது என்பது பல சமயம் இராது. உழவருக்கு வேண்டியதோ அந்த ஒரு விவரந்தான்.

இரண்டு முறைகளுக்கும் பொதுவான பெருங்குறை, முழு வளர்ச்சி பெற்ற வண்டையே வண்டு என்று கருதிப் புழுப்பருவத்தை மறந்துவிடுவது. மல்பெரியின் நுனிக் குருத்தைச் சுருட்டித் துக்ரா நோயை உண்டாக்கும் மாவுப்பூச்சியை அழிக்க விடப்படுவது கிரிப்டோலேமஸ் என்னும் பொறிவண்டு. 1898இல் காப்பிச் செதில் பூச்சிக்காக ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வந்து, அந்தக் காரியத்தில் சோபிக்காமல், மாவுப்பூச்சிகளின் பகைவனாக நிலைபெற்றது. அதன் புழு வெள்ளை மெழுகு இழைகளால் உடலை மூடிக்கொண்டு, பார்வைக்கு மாவுப்பூச்சியாகவே தோன்றுகிறது. வண்டின் படத்தை மட்டும் மனத்தில் பதித்துக்கொண்ட ஒருவர், தமக்காக உழைக்கும் புழுக்களையே பகையென்று எண்ணி மருந்தடித்துவிடக் கூடும். சற்றே தீண்டிப் பார்த்தால் போதும்: மாவுப்பூச்சி மந்தமாகக் கிடக்கும், புழு விரைந்து ஓடும். அதே தோட்டத்தில் மஞ்சள் நிற இல்லைஸ் வண்டு மல்பெரி இலையின்மேல் மேய்வதைக் கண்டு, இலையைத் தின்கிறது என்று சந்தேகிப்பதும் பிழையே. அது தின்பது இலையின்மேல் படர்ந்த சாம்பல் நோய்ப் பூஞ்சையை.

கத்தரியிலும் பாகலிலும் இலையை நரம்பு தெரியச் சுரண்டித் தின்னும் இருபத்தெட்டுப் புள்ளி வண்டை விலக்கி அறிவதற்கு, பளபளக்கும் வண்டு நண்பன், மயிர் படர்ந்து மங்கிய வண்டு பகைவன் என்று ஒரு விதி சொல்வார்கள். பெரிய வண்டுகள் மட்டில் இது பெரும்பாலும் பொருந்தும். ஆனால் நம் நண்பர்களான கிரிப்டோலேமஸும் ஸ்கிம்னஸும் மயிர் உடையவை. 1889ஐ ஒட்டிக் கலிபோர்னியாவின் ஆரஞ்சுத் தோப்புகளை மீட்டதும், பின்னர் நீலகிரிக்கு வரவழைக்கப்பட்டதுமான ரொடோலியாவும் மயிர் உடையதே. புழுவைப் பார்த்தால் இந்தக் குழப்பம் இல்லை: கத்தரி வண்டின் புழு மஞ்சளாய், உடலெங்கும் கிளைத்த முட்களோடு இருக்கும்.

என் முடிவு இது: புள்ளி எண்ணுவது வாயிற்படி, அறுத்துப் பார்ப்பது இறுதித் தீர்ப்பு, இரண்டுக்கும் நடுவே இரையையும் புழுவையும் கவனிக்கும் பழக்கம் அமையாதவரை இரண்டும் குறையுடையனவே. திருப்பதி வேளாண்மைக் கல்லூரியில் பூச்சியியல் பயிலும் இளைஞர்களை நான் வேண்டிக்கொள்வதும் இதுவே: வண்டைப் புட்டியில் அடைக்குமுன் அது இருந்த செடியையும் தின்ற இரையையும் எழுதுங்கள்; புழு கிடைத்தால் அதே இரையைக் கொடுத்து வண்டாகும்வரை வளர்த்து, ஒவ்வொரு பருவத்தையும் படமெடுத்து, அந்தப் படங்களை மல்பெரி பயிரிடும் குப்பத்து உழவர் கைக்கு, தெலுங்கிலும் தமிழிலும் குறிப்பு எழுதிக் கொண்டுபோய்ச் சேர்ப்பியுங்கள்.